ஒன்பது பேரின் ஊர்

ஆலங்கரைப் பஞ்சாயத்துத் தலைவர் தணிகாசலத்துக்கு வயது அறுபதை நெருங்கியிருந்தது. அவருடைய குரு ஞானாம்பிகைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஊருக்கு வெளியே ஆற்றோரம் ஒரு சிறிய ஆசிரமத்தில் அந்த அம்மாள் இருந்தார். மனம் குழம்பும்போதெல்லாம் தணிகாசலம் அங்கே போய் உட்காருவார்.

அன்று மாலை அவர் முகம் வாடிக் கிடந்தது.

"ஏரிக்கரைச் சந்தையை எடுத்துடலாம்னு இருக்கேன், அம்மா. வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டத்துல சொல்லிடுவேன்."

"ஏன் ஐயா?"

"ஊரே வேண்டாங்குது."

"ஊரேவா?"

"தினமும் ஆபீஸ் வாசல்ல மைக் கட்டிக் கத்துறாங்க. குப்பை, நெரிசல், வெளியூர்க்காரங்க தொல்லைன்னு. என்னால தாங்க முடியலை."

"எத்தனை பேர்?"

தணிகாசலம் தயங்கினார். "வேதமுத்துவும் அவரோட ஆளுங்களும். ஒன்பது பேர்."

"மத்தவங்க?"

"வாயே திறக்கலை. அப்படின்னா சம்மதம்தானே?"

ஞானாம்பிகை ஒரு பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "கத்தரிக்காய் வாங்கணும். கூட வாங்க."

சந்தையில் கால் வைக்க இடமில்லை. சுற்றுப்பட்டுக் கிராமத்துப் பெண்கள் சாக்கை விரித்துக் காய்களைக் குவித்திருந்தார்கள். சந்தை போனால் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாது. அவர்களுக்கு ஆலங்கரையில் ஓட்டும் கிடையாது.

செங்கல் சூளையில் வேலை பார்க்கும் பஞ்சவர்ணம் வெண்டைக்காயை ஒடித்து ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தச் சந்தையை எடுத்துட்டா என்ன பண்ணுவீங்கம்மா?" என்று கேட்டார் ஞானாம்பிகை.

"எடுக்கிறதாவது! வேலை முடிஞ்சு வர்ற வழியில இதுதானே இருக்கு. டவுனுக்கா போக முடியும்?"

"தலைவர்கிட்ட சொன்னீங்களா?"

"அவருக்குத் தெரியாதா என்ன?" என்று திரும்பியவள் தணிகாசலத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை கூட்டம் இருக்கு. வாங்களேன்" என்றார் ஞானாம்பிகை.

"நான் ஒருத்தி வந்துதான் ஆகப்போகுதா? மத்தவங்க போவாங்க."

கேட்ட இடமெல்லாம் இதே பேச்சு. எல்லோருக்கும் சந்தை வேண்டும். எல்லோரும் வேறு யாரோ போவார்கள் என்றார்கள்.

தணிகாசலத்தின் காதில் முதல் பாதிதான் விழுந்தது. வெள்ளிக்கிழமை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூட்டத்துக்குப் போனார்.

"சந்தை இருக்கட்டும்னு ஊர்ல பெரும்பாலானவங்க சொல்றாங்க" என்றார்.

வேதமுத்து கையில் மைக்கோடு எழுந்தார். ஒல்லியான, நேரான மனிதர். "அவங்களைக் காட்டுங்க, தலைவரே."

தணிகாசலம் ஆபீஸ் கூடத்தைப் பார்த்தார். ஒன்பது பேர். ஒரு மூலையில் ஞானாம்பிகை. மற்ற நாற்காலிகள் எல்லாம் காலி. சந்தையை எடுக்கிறதாக எழுதிக் கையெழுத்துப் போட, மேஜைமேல் இருந்த பேனா பக்கம் அவர் கை போயிற்று.

"ஐயா, அந்த மைக்ல நானும் பேசலாமா?"

ஞானாம்பிகைதான். அந்த அம்மாள் இதுவரை எந்தக் கூட்டத்துக்கும் வந்ததில்லை. வேதமுத்துவின் ஆட்கள் முறைத்தார்கள். ஆனால் வேதமுத்து மைக்கை நீட்டினார். "பேசுங்கம்மா. யாரும் பேசலாம்."

"எனக்குச் சந்தை வேணும்."

அவ்வளவுதான். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

ஒன்பது பேரும் மாற்றி மாற்றிப் பேசினார்கள். அவர்கள் மூச்சு வாங்கியபோது அவர் மறுபடி எழுந்தார்.

"எனக்குச் சந்தை வேணும்."

ஒருவர் சிரித்தார். ஒருவர் மேஜையைத் தட்டினார். ஞானாம்பிகையின் குரல் உயரவும் இல்லை, தாழவும் இல்லை. மூன்றாம் முறையும் அதையே சொன்னார். தணிகாசலம் பேனாவை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஒன்பது பேர் வாசலில் கட்டியிருந்த ஒலிபெருக்கி ஏரிக்கரையைப் பார்த்து இருந்தது. சந்தையில் நின்றவர்கள் காதிலெல்லாம் அந்தக் குரல் விழுந்தது.

பஞ்சவர்ணம் கூடையோடு வாசலில் வந்து நின்றாள். மேலெல்லாம் செங்கல் தூசி.

"எனக்கும் வேணும்" என்றாள்.

அவள் பின்னால் இன்னும் இரண்டு பேர். அப்புறம் ஒரு குடும்பம். கொஞ்ச நேரத்தில் நாற்காலி போதவில்லை. சந்தை இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

வேதமுத்து மைக் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஞானாம்பிகை அவரிடம் போய்க் கைகூப்பினார்.

"எத்தனை வருஷமா கூட்டத்துக்கு வர்றீங்க?"

"மூணு வருஷம். ஒண்ணுகூட விட்டதில்லை. மழையில குடை பிடிச்சுக்கிட்டு வந்திருக்கேன். குப்பை எங்க வாசல்லதான் கிடக்கு, நாத்தம் எங்களுக்குத்தான்."

"அது நியாயம்தானே" என்றார் அவர். சந்தை கலைந்ததும் அன்றன்றே குப்பையை அள்ள வேண்டும் என்று தணிகாசலத்தை அங்கேயே எழுத வைத்தார்.

ஆசிரமத்துக்குத் திரும்பும் வழியில் தணிகாசலத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"ஒத்தை வரியில ஜெயிச்சுட்டீங்க, அம்மா! இனிமே அந்த ஒன்பது பேரை வாசப்படி மிதிக்க விடமாட்டேன். ஒன்பது பேர் சேர்ந்து ஊரையே ஆட்டிப்படைக்கிறதா?"

ஞானாம்பிகை நின்று அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"அவங்களை விடலைன்னா, அடுத்த கூட்டத்துக்கு யார் வருவாங்க, ஐயா?"