நாலாம் நம்பர் துப்பாக்கி

ஷெரீபாவிடம் துப்பாக்கி சுடக் கற்றவர்களில் வயதில் மூத்தவள் ஜெபசீலி. அவளுக்கு ஐம்பத்தாறு. குருவுக்கு முப்பத்தேழு. குரு சிஷ்யையை ‘அக்கா’ என்பார். சிஷ்யை குருவை ‘டீச்சர்’ என்பாள். மலையடிவாரத்து ரைபிள் கிளப்பில் யாருக்கும் இது வினோதமாகப் படவில்லை.

தொலைபேசி நிலையத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்துவிட்டு விருப்ப ஓய்வில் வந்தவள் ஜெபசீலி. கிளப்பில் சேர்ந்த அன்றே தன் கதையைச் சொல்லிவிட்டாள். பாளையங்கோட்டையில் படித்த காலத்தில் கல்லூரியின் என்.சி.சி. மாணவர் படையில் இருந்தாள். மாநிலப் போட்டியில் தங்கம் வாங்கினாள். டெல்லியில் தேசிய முகாமுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது.

“அப்பா விடல, டீச்சர். பொம்பளப்பிள்ளைக்குத் துப்பாக்கி எதுக்குன்னுட்டாரு.”

ஷெரீபா தலையாட்டினார். 

ஒன்றரை வருடம் ஜெபசீலி கிளப் துப்பாக்கியிலேயே பழகினாள். ஆவணி பிறந்ததும் லைசென்ஸ் கைக்கு வந்தது. மறுநாள் காலையிலேயே ஷெரீபாவின் முன்னால் போய் நின்றாள்.

“டீச்சர், நமக்குக் கட்டுபடியாகிற விலையில குறி தப்பாத துப்பாக்கி எது?”

ஷெரீபா டார்கெட் காகிதங்களை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார்.

“மனசுல ஒண்ண வச்சுக்கிட்டுத்தானே கேக்கறீங்க?”

ஜெபசீலி சிரித்துவிட்டாள். ஈரோட்டில் ஒரு பெரியவரிடம் பழைய துப்பாக்கி ஒன்று விலைக்கு இருந்தது. ஒரு வருடமாகத் தேடி, போன மாதம்தான் அதைக் கண்டுபிடித்திருந்தாள். கல்லூரியில் அவள் சுட்ட அதே மாடல்.

“சனிக்கிழமை கொண்டுவரச் சொல்லுங்க,” என்றார் ஷெரீபா. “நம்ம கிளப் பல் டாக்டர் சம்பந்தமும் தன்னோடத விக்கிறாரு. அதையும் வரச் சொல்றேன். ரெண்டையும் சுட்டுப் பாருங்க.”

டாக்டருடைய துப்பாக்கியை ஜெபசீலி பார்த்திருக்கிறாள். பேரல் தடித்தது, தோளில் பதியும் மரக்கட்டை கொஞ்சம் சிராய்ப்பேறியது. அழகென்று சொல்வதற்கு அதில் எதுவுமில்லை. டீச்சர் சொன்னதற்காகச் சரியென்றாள்.

சனிக்கிழமை காலை இரண்டும் வந்தன. சொந்தக்காரர்கள் இருவரும் அலுவலக அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஈரோட்டுத் துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்ததும் ஜெபசீலி அதன் கட்டையை முகர்ந்து பார்த்தாள். ஆளிவிதை எண்ணெயும் வெடிமருந்தும் கலந்த வாசனை. கல்லூரி நாட்களின் ஆற்றங்கரை மைதானம் அப்படியே கண்முன் எழும்பி வந்தது. காக்கிச் சட்டை, கஞ்சி போட்ட காலர் கழுத்தில் அறுக்கும் காலை, அலுமினியத் தட்டில் சூடான உப்புமா, தோளில் தட்டி ‘மூச்ச விடு, பிறகு அழுத்து’ என்ற ஹவில்தாரின் குரல்.

“எங்களுக்குப் பன்னிரண்டு துப்பாக்கி, டீச்சர். எனக்கு நாலாம் நம்பர். கட்டையில ஒரு வெடிப்பு, பித்தளைக் கம்பி சுத்தியிருக்கும். மழைக்காலத்துல அந்தக் கம்பி கன்னத்துல சில்லுனு படும். இருபத்தஞ்சு கஜத்துல ரெண்டு அங்குலம் இடப்பக்கம் தள்ளும். நான் கறுப்பு வட்டத்தோட வலது ஓரத்துல குறி வைப்பேன். நடுவுல போய் விழும்.”

“வேற துப்பாக்கி கேக்கலையா?”

“குடுத்தாங்க. நான்தான் வேண்டாம்னேன்.”

ஷெரீபா அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு வேலையைத் தொடங்கினார்.

இந்தச் சின்னத் தோட்டாக்கள் விளிம்பில் தட்டினால் வெடிப்பவை. ஒவ்வொரு பேரலுக்கும் ஒரு ரகம் ஒத்துப்போகும், இன்னொன்று ஒத்துப்போகாது. ஷெரீபா நான்கு ரகத் தோட்டாக்களை வைத்து இரண்டு துப்பாக்கிகளையும் தானே சுட்டுப் பார்த்தார். எதற்கு எது பிடிக்கிறது என்று தெரிந்ததும் விலகிக்கொண்டார். மணல் மூட்டையை இழுத்து வைத்தார்.

“ஐம்பது மீட்டர். ஒவ்வொண்ணுலயும் பத்து. மூட்டை மேல தாங்கிச் சுடுங்க. டார்கெட்டைக் கடைசியில பாத்துக்கலாம்.”

ஜெபசீலி பாயில் குப்புறப் படுத்தாள். முதலில் ஈரோட்டுத் துப்பாக்கி. கன்னம் கட்டையில் பட்டதும் முப்பத்தைந்து வருடம் எங்கோ போய்விட்டது. முதல் குண்டுக்குக் கை தன்னாலே வலது ஓரத்தைத் தேடியது. அது நாலாம் நம்பர் இல்லையென்று உணர்ந்து நடுவுக்கு வந்தாள். பத்தும் முடிந்தபோது கண் கலங்கியிருந்தது. ஷெரீபா தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

பிறகு டாக்டருடையது. டிரிகர் தொட்டதும் விட்டுவிட்டது. சத்தம்கூடச் சன்னமாகத்தான் கேட்டது. ஏழாவது குண்டின்போது மணல்மேட்டில் ஒரு மைனா வந்து உட்கார்ந்தது. அது பறந்து போகும்வரை காத்திருந்து மீதி மூன்றையும் சுட்டாள்.

இருவரும் நடந்து போய் டார்கெட்டுகளைக் கழற்றி வந்தார்கள். ஷெரீபா அவற்றை மேஜைமேல் விரித்துக் கல் வைத்தார்.

ஈரோட்டுத் துப்பாக்கியின் பத்து ஓட்டைகளையும் மூட உள்ளங்கை முழுவதும் வேண்டியிருந்தது. டாக்டருடைய பத்து ஓட்டைகளின்மேல் ஷெரீபா ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தார். ஒன்றுதான் வெளியே தெரிந்தது.

ஜெபசீலி இரண்டையும் வெகுநேரம் பார்த்தாள்.

“பழசுல பேரல் தேஞ்சுபோச்சு,” என்றார் ஷெரீபா. “அதை ஒண்ணும் பண்ண முடியாது.”

“தெரியுது, டீச்சர்.”

“அப்ப எதை எடுத்துக்கறீங்க?”

“பழசு.”

ஷெரீபா கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

“மார்கழியில மூத்தோர் போட்டி இருக்கு. இதை வச்சு உள்ளயே நுழைய முடியாது.”

“தெரியும்.”

“தெரிஞ்சும் எதுக்குக்கா?”

“பழகின துப்பாக்கி, டீச்சர். இதுக்கு என்ன சீக்குன்னு எனக்குத் தெரியும். அனுசரிச்சுச் சுட்டுக்குவேன்.”

“சரி. தப்பிப் போச்சுன்னா?”

“தப்பிப் போச்சுன்னா, பேரல் தேஞ்சதுன்னு...”

ஜெபசீலி பாதியில் நிறுத்தினாள். அடுத்த கொட்டகையில் யாரோ சுட்டார்கள். சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது. 

“டீச்சர், உங்ககிட்ட ஒரு பொய் சொல்லியிருக்கேன்.”

“சொல்லுங்க.”

“எங்க அப்பா தடுக்கல.”

ஷெரீபா நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்தார்.

“டிக்கெட் எடுத்துக் குடுத்தாரு. புதுசா ஒரு டிரங்குப் பெட்டி வாங்கினாரு. அதுல என் பேரை வெள்ளைப் பெயிண்டால அவரே எழுதினாரு. எழுத்துக் கோணலாப் போச்சுன்னு அழிச்சிட்டு மறுபடி எழுதினாரு. அந்தத் தெருவுல டெல்லிக்குப் போற முதல் பொண்ணு நான்தான். கிளம்புறதுக்கு முந்தின நாள் கக்கத்துல வெங்காயத்த வச்சுக்கிட்டுப் படுத்துட்டேன்.”

“காய்ச்சல் வந்துச்சா?”

“வந்துச்சோ இல்லையோ, அப்பா நம்பிட்டாரு. மூணு நாள் நெத்தியில ஈரத்துணி போட்டுக்கிட்டுப் பக்கத்துலயே இருந்தாரு. ரயில் போயிடுச்சு. சாகற வரைக்கும் சொல்வாரு, ‘அந்தப் பாழாப்போன காய்ச்சல் மட்டும் வராம இருந்திருந்தா’ன்னு. அவரு போனதுக்கப்புறந்தான் அவரே விடலன்னு சொல்ல ஆரம்பிச்சேன். காய்ச்சல்னு சொல்றதவிட அது சுலபமா இருந்தது. என் மக்கமாருக்கும் அப்படித்தான் தெரியும்.”

“ஏன் போகல?”

ஜெபசீலி ஈரோட்டுத் துப்பாக்கியின் கட்டையைத் தடவினாள். அதில் வெடிப்பும் கம்பியும் இல்லை. ஆனாலும் விரல் அந்த இடத்தைத் தேடிப் போனது.

“டெல்லியில எல்லாம் நேர்த் துப்பாக்கின்னு ஹவில்தார் சொன்னாரு. சந்தோஷமாத்தான் சொன்னாரு. ‘இந்தக் கோணல் கழுதையிலயே தங்கம் வாங்கிட்ட, அங்க போய் என்னவெல்லாம் செய்யப் போறியோ’ன்னாரு. அன்னைக்கு ராத்திரி பூரா அதையே நினைச்சுக்கிட்டுக் கிடந்தேன். நாலாம் நம்பர்ல பட்டா நான் கெட்டிக்காரி. தப்பினா துப்பாக்கி கோணல். அங்க போய்த் தப்பிட்டேன்னா?”

சொல்லி முடித்ததும் அழுவோம் என்று நினைத்தாள். அழுகை வரவில்லை. பெட்டியில் அப்பா எழுதிய எழுத்துகள்தான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ‘ஜெ’வுக்குக் கொம்பை அவர் எப்போதும் பெரிதாகப் போடுவார். கல்யாணமாகி வந்தபோது அந்தப் பெட்டியில்தான் புடவைகளை அடுக்கிக் கொடுத்தார்கள். பிறகு குழந்தைகளின் துணி. பிறகு அது எங்கே போனதென்று தெரியவில்லை.

ஷெரீபா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். எழுந்து டாக்டருடைய துப்பாக்கியை எடுத்தார். பேரலுக்குள் துணி செருகிய கம்பியை விட்டு நிதானமாகத் துடைத்தார். துணி கறுத்து வந்தது. வேறு துணி மாற்றினார். அது வெள்ளையாக வரும்வரை துடைத்து, பாயின்மேல் ஜெபசீலியின் பக்கமாகக் கிடத்தினார்.

ஜெபசீலி அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டாக்டர் என்ன விலை சொல்றாரு?”

ஷெரீபா சொன்னார். ஈரோட்டுப் பெரியவர் கேட்பதைவிட அது குறைவு.

ஜெபசீலியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. குனிந்து துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்தாள். டிரிகரைச் சோதித்தாள். பேரல் கட்டையோடு சேரும் இடத்தில் நகத்தால் சுரண்டினாள். கண்ணைச் சுருக்கிக் குழலின் வாயைப் பார்த்தாள்.

“இவ்வளவு நல்ல துப்பாக்கிய யாராவது இந்த விலைக்குக் குடுப்பாங்களா, டீச்சர்? உள்ள ஏதாச்சும் குறை இருக்குமோ?”

“அவரும் குண்டு தப்பினப்பல்லாம் மூணு வருஷமாத் தேடினாரு, அக்கா,” என்றார் ஷெரீபா. “ஒண்ணும் கிடைக்கல. அதனாலதான் விக்கிறாரு.”