ஆள் ஏறாத வண்டி

"ஆசானே, பின்சக்கரம் மறுபடி ஆடுது," என்றான் ஞானசிகாமணி.

ஆரல்வாய்மொழிக் கணவாயில், நெடுஞ்சாலையோரத்தில் பாக்கியநாதனின் பட்டறை. தூரப் பயணம் போகும் பைக்குகளை மட்டுமே பார்ப்பார். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் என்பதால் அவர் ஆசான், இவன் சீடன்.

"பேரிங் மாத்தினியே?"

"மூணாவது தடவையும் மாத்தியாச்சு. செயின் ஓடுற ஸ்பிராக்கெட்டோட பல்லெல்லாம் சுறாப் பல்லு மாதிரி ஆயிட்டு. நான் யாருக்கு என்ன பாவம் செஞ்சேன்?"

"செயின்?"

"அதுல குத்தம் சொல்ல முடியாது. தினமும் காலையில சென்டர் ஸ்டாண்டுல போட்டு முறுக்கிருவேன். ஒரு நூல் தொய்வு இருக்காது."

"ரெண்டு விரல் தொய்வு விடச் சொன்னேனே மக்கா."

"தொங்குற செயினைப் பாத்தா எனக்குப் பொறுக்காது ஆசானே."

அவன் மனைவி பியூலா வாசலில் நின்றபடி சொன்னாள்: "அவருக்கு எதுதான் பொறுக்கும்? பின்னால உக்காந்து தோளை அசைச்சாலே வண்டி அலையுதும்பார். ராமேஸ்வரம் வரைக்கும் மரப்பாச்சி மாதிரி போனேன். தும்மக்கூட அனுமதி கேட்டேன்."

ஆசான் வாய்விட்டுச் சிரித்தார். சிகாமணி சிரிக்கவில்லை.

கிளம்பிய பயணங்களில் பாதி, லாரியில் வண்டியை ஏற்றிக்கொண்டு வீடு திரும்பியதில்தான் முடிந்திருந்தது. இன்று காலை அவள் நிதானமாகச் சொல்லிவிட்டாள்: "வண்டி சரியானா இமயமலைக்கு வாறேன். இல்லேன்னா மதுரையில அக்கா வீட்டுக்குப் போறேன். திரும்ப வாறதைப் பத்திப் பேச வேண்டாம்."

அவள் பை வண்டியில் கட்டப்படவில்லை. தோளில் இருந்தது.

ஆசான் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கினார். தானே முன்னால் ஏறி உட்கார்ந்தார்.

"பியூலா, நீயும் ஏறு."

ஏறினாள். வண்டி தணிந்தது.

"சிகாமணி, இப்பம் செயின்ல விரலை வை."

வைத்தான். அழுத்தினான். இரும்புக் கம்பி போல விறைத்துக் கிடந்தது. கொஞ்சமும் அசையவில்லை.

"இறங்கும்மா."

இருவரும் இறங்கியதும் செயின் லேசாக இளகியது.

சிகாமணி தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். சக்கரம் ஆட ஆட அவன் செயினைத்தான் முறுக்கினான். முறுக்க முறுக்கத்தான் சக்கரம் ஆடியது.

"யாரும் ஏறாத வண்டியிலதான் இத்தனை நாளும் அளந்திருக்கேன்," என்றான்.

ஆசான் முன் ஸ்பிராக்கெட் மூடியைக் கழற்றி, கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டைப் பிடித்து ஆட்டினார். அதுவும் ஆடியது.

"முறுக்கி முறுக்கிச் சேதத்தை எஞ்சின் வரைக்கும் இழுத்துட்டே."

"மாத்தலாம்லா?"

"மாத்தலாம். எஞ்சினைப் பிரிக்கணும். ரெண்டு வாரமாவது ஆகும்."

பியூலா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பியூலா, ரெண்டே வாரம். இனிமே நான்..."

"இருக்கட்டுங்க," என்றாள்.

திட்டியிருந்தால் அவனுக்குப் பதில் தெரியும். அவள் திட்டவில்லை. "போயிட்டு வாறேன் ஆசானே," என்று அவரிடம் மட்டும் சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்தாள்.

மதுரை பஸ் வந்தது. கை காட்டினாள். நின்றது. அவன் எழுந்து சாலைக்கு ஓடி வருவதற்குள் கணவாய்க் காற்று புழுதியை அள்ளி அவன் முகத்தில் இறைத்தது. கண்ணைத் திறந்தபோது எதிர்ப்பக்கம் யாரும் இல்லை.



பிறகு உள்ளே வந்தான். ஸ்பேனரை எடுத்தான். அச்சு நட்டைத் தளர்த்தி, செயினை இழுத்துப் பிடிக்கும் போல்ட்டைத் திருப்பினான்.

"இவ்வளவு போதுமா ஆசானே?"



இன்னும் திருப்பினான். செயின் தொய்ந்தது. இன்னும் திருப்பினான். ஏறக்குறைய தரையைப் பார்த்துத் தொங்கியது.

"இப்பம்? இப்பம் போதுமா? சொல்லுங்க ஆசானே!"

"எனக்கு எப்படித் தெரியும் மக்கா?" என்றார் அவர். "ஆளு ஏறி உக்காந்தாத்தானே தெரியும்."