இறக்கி விடும் காட்சி

இடிவேந்தன் என்ற கார்ட்டூன் வீரனைத் தெரியாத குழந்தை ஊரில் இல்லை. அவனை வரைந்து, தொடராகத் தயாரித்துப் பெரிய ஆளாகிவிட்ட பூங்குன்றன், ஒரு நாள் மாலை தனக்கு வரையக் கற்றுக்கொடுத்த குரு விசாலத்தைத் தேடி வந்தார். மறுநாள் பூங்குன்றனுக்கு விருது விழா. முகத்தில் அந்தக் களையே இல்லை.

“டீச்சர், வெக்கம் பிடுங்கித் திங்குது. இதை எப்படிப் போக்குறது?”

“என்ன பண்ணின?”

“சகாயமேரின்னு ஒரு பொண்ணு. ஈரோட்ல நல்ல வேலையில இருந்தா. அதை விட்டுட்டு வா, எங்கிட்ட வரையலாம்னு நான்தான் கூட்டிட்டு வந்தேன். தொடர் முடிஞ்சதும் எல்லாருக்கும் சேர்த்து வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் போட்டேன், நாளையிலருந்து வர வேண்டாம்னு.”

“சரி.”

“நேத்து அவளை ஒரு மால்ல பார்த்தேன். குழந்தைங்க முகத்துல இடிவேந்தன் முகமூடியை வரைஞ்சிட்டு உக்காந்திருந்தா. என்னைப் பார்த்ததும் எழுந்து, ‘வணக்கம் சார்’னா. நான் போன் வந்த மாதிரி காதுல வெச்சுக்கிட்டு நழுவிட்டேன்.”

விசாலம் திட்டவில்லை. திட்டியிருந்தால் பூங்குன்றனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“உன் தொடர்ல உனக்கு ரொம்பப் பிடிச்ச காட்சியைப் போடு.”

போனில் போட்டுக் காட்டினார். மேம்பாலத்திலிருந்து விழும் பெண்ணை இடிவேந்தன் பாய்ந்து வந்து தாங்குகிறான். அடுத்த நொடி வானத்தில் தனியாகப் பறக்கிறான்.

“அவளை எங்க இறக்கி விட்டான்?”

“அதை வரையறதில்ல டீச்சர். பிடிக்கிறதுக்குத்தான் கைதட்டல். இறக்கி விடுறது பெரிய ரோதனை. கால் தரையில படணும், உடம்பு பாரம் முழங்காலுக்கு வரணும். அதான் கட் பண்ணிடுவோம்.”

விசாலம் பென்சிலையும் தாள்களையும் அவர் பக்கம் தள்ளினார்.

“இப்ப வரை.”

பெரிய தயாரிப்பாளர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பென்சில் பிடித்துப் பல வருஷமாகிவிட்டது. முதலில் அந்தப் பெண் அந்தரத்திலேயே நின்றாள். அழித்தார். பிறகு கால் பட்டது, முழங்கால் மடங்கவில்லை. அதையும் அழித்தார். விளக்கு போடும் நேரத்தில், கடைசித் தாளில் அவள் கால் ஊன்றி நின்றாள். முகம் சகாயமேரியின் முகமாக இருந்தது. அவர் அப்படி நினைத்து வரையவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாள்களைச் சேர்த்துப் பிடித்து விரலால் புரட்டிக் காட்டினார். அவள் இறங்கினாள், நிமிர்ந்தாள்.

“இறங்கிட்டா டீச்சர். இப்பதான் மனசு லேசாச்சு.”

“படத்துல,” என்றார் விசாலம்.