உப்புப் பிள்ளையும் முறுக்குத் திருகும்

ஜெசிந்தா, அம்மா கைமேல தலைய வை. 'ம்' போட்டாத்தான் கதை. ஒரு ஊர்ல ஒரு உப்பளத்துக்காரி இருந்தாளாம்.

"ம்."

அவளுக்கு ஒரே பிள்ள. முத்தம் குடுத்தா உப்புக் கரிக்கும். நாளெல்லாம் உப்பு வாருதவ, தன் உதட்டு உப்புன்னே நெனச்சிட்டா மடச்சி. பக்கத்து வீட்டு ஆடு மட்டும் பிள்ள கையைச் சளக் சளக்னு நக்கும். ஆட்டுக்குத் தெரிஞ்சது ஆத்தாளுக்குத் தெரியல.

அப்புறம் நாலு வயசுல கர் கர்னு இருமல். வேர்வைய சோதிச்சுப் பாத்த டாக்டர், "இது பிறவி நோவும்மா. நெஞ்சுல சளி பசையா ஒட்டும். காலம் பூரா பாக்கணும்"னாரு.

"ம்."

பிள்ளைக்குப் பத்து வயசாச்சு. ஆறாங்கிளாஸ் மாடியில. நாலு படி ஏறினா புஸ் புஸ்னு உக்காந்திருவா. டாக்டர், "மூச்சு இழுக்குற தசைக்குப் பலம் வரணும். அந்தப் பலத்த அளக்குற மீட்டர்ல நாப்பது தொட்டா பள்ளிக்கூடம். இல்லன்னா இந்த வருஷம் வீட்லயே இருக்கட்டும்"னுட்டாரு.

அப்போ பயிற்சி குடுக்குற அமலி அக்கா ஒரு குழல் குடுத்தா. ஊதக் கூடாது, உறிஞ்சணும். உள்ள ஸ்பிரிங்கு வச்ச ஒரு மூடி. விடாம இழுத்தா டொக்குனு தெறக்கும். காலையில முப்பது, சாயந்திரம் முப்பது. வாரா வாரம் அடியில இருக்கிற திருகைக் கொஞ்சம் முறுக்கணும். ஸ்பிரிங்கு முறுக்க முறுக்க மூச்சுக்குப் பலம்.

பிள்ள மூக்குல கிளிப்பு மாட்டி, ஹ்ஹூம்னு இழுப்பா. கண்ணுல தண்ணி முட்டும். ஆத்தாளுக்குப் பொறுக்குமா? பிள்ள முகம் கழுவப் போன நேரமாப் பாத்து, திருகைப் பின்னால சுத்தி வச்சிட்டா. மறுவாரமும் சுத்தினா. அடுத்த வாரமும்.

"ம்..."

அப்புறம் மீட்டர் வைக்கிற நாள் வந்துச்சு. பஸ்ல போகும்போதுதான் அவளுக்கு உறைச்சுது, பிள்ள படிப்புல நாமளே மண்ணள்ளிப் போட்டுட்டமேன்னு. 

மூணு தடவ இழுக்கணும். மொதல் தடவ ஹ்ஹூம், முப்பத்திரண்டு. ரெண்டாவது ஹ்ஹூம், முப்பத்தேழு. அமலி அக்கா, "மூச்ச முழுசா விட்டுட்டு இழுளா"ங்கா. ஆத்தா கண்ண மூடிக்கிட்டா. மூணாவது, ஹ்ஹ்ஹூம்ம்.

"நாப்பத்தி மூணு."

நாப்பத்தி மூணேதான். உனக்கெப்படி... சரி, இன்னிக்கு நடந்த கதைன்னு கண்டுபிடிச்சிட்ட. அந்த உப்பளத்துக்காரிக்கு உசிரு திரும்பி வந்துச்சு. வார்டு வாசல்லயே உக்காந்து அழுதா. ஆனா ஒண்ணு மட்டும் இன்னும் வெளங்கல. தளத்தி வச்ச திருகுல பிள்ளைக்கு எங்கேருந்து பலம் வந்துச்சு?

"நான்தாம்மா திருப்பி முறுக்கினேன்."

என்னது?

"டொக்கு லேசா வந்துச்சு. அப்பவே தெரியும், நீதான்னு. நீ சோறு வடிக்கப் போனதும் முறுக்கிருவேன்."

ஒவ்வொரு வாரமுமா? அம்மாட்ட ஏன்ளா சொல்லல?

"நீ அழுவ. ஆடுகூட நக்க வந்துரும்."

போக்கிரி. வா இங்க, ஒரு முத்தம். கரிக்கத்தான் செய்யுது. அது யாரு உப்புன்னு இப்பக் கேக்காத. இனிமே அந்தத் திருகை நான் தொடமாட்டேன், சத்தியமா.

உப்பு அள்ளியாச்சு, கதையும் வாரியாச்சு. கண்ண மூடுளா. காலையில முப்பது மூச்சு இருக்கு, அப்புறம் மாடிப்படி இருக்கு.

"ம்."