முன்னால இருக்கோம்!

பழைய மாணவர் துடுப்புப் படகுக் கழகத்தின் வாட்ஸ்அப் குழு சாதாரணமாகப் பிறந்தநாள் வாழ்த்துக்கு மட்டும்தான் கண் விழிக்கும். அந்த வாரம் அதற்குத் தூக்கமே இல்லை. புதுப் படகு வந்துவிட்டது. ஷார்ஜாவிலிருந்து ஹபீப் டிக்கெட் போட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை காலை அடையாற்றில் இந்நாள் மாணவர்களோடு வருஷாந்தரப் பந்தயம். பந்தயம் முடிந்ததும் வெண்பொங்கல், வடை, கெட்டிச் சட்னி.

கடைசியாக வந்த செய்திதான் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. இந்த வருஷம் நம் படகில் சுக்கான் பிடிக்கும் காக்ஸ் தணிகாசலம்.

"எந்தத் தணிகாசலம்? பல் டாக்டரா? அவன் துடுப்புப் போடறவனாச்சே!"

ஆமாம், துடுப்புப் போடுகிறவன்தான். கல்லூரி நாளிலிருந்து ஹபீப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, ஹபீப்பின் முதுகைப் பார்த்தே பாதி ஆயுசைக் கழித்தவன். போன மழைக்காலத்தில் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். "இனிமே நீங்க துடுப்பைத் தொட்டா, நான் உங்களைத் தொட மாட்டேன்" என்று இதய டாக்டர் ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

தணிகாசலம் வீட்டுக்கு வந்து அழுதான். நெஞ்சு வலிக்கு அழவில்லை, இதற்கு அழுதான்.

படகில் துடுப்பில்லாத இடம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. துடுப்புப் போடும் நாலு பேரும் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்காருவார்கள். வந்த வழி தெரியும், போகிற வழி தெரியாது. ஐந்தாவது ஆள் காக்ஸ். பின்கோடியில், அவர்களைப் பார்த்தபடி, சுக்கான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முன்னால் என்ன நடக்கிறது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் கத்துவார், இவர்கள் இழுப்பார்கள்.

அந்த இடத்தில் இத்தனை வருஷமும் இருந்தவர் பிலோமினா. தணிகாசலத்துக்கு ஒரு வருஷம் சீனியர். கழகத்தில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், எல்லோருக்கும் மாஸ்டர்தான். அவருக்குத் தொண்டையில் ஏதோ முடிச்சு விழுந்துவிட்டது. உரக்கப் பேசவே கூடாதாம். ஒருத்திக்குத் தொண்டை, ஒருத்தனுக்கு நெஞ்சு. நல்ல கழகம் போங்கள்!

"அந்த இடத்தை எனக்குக் குடுங்க மாஸ்டர்" என்று போய் நின்றான் தணிகாசலம்.

மாஸ்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "எடையைக் குறை."

குறைத்தான். இட்லியை எண்ணிச் சாப்பிட்டான், சாப்பிட்டதை எண்ணிப் பெருமூச்சு விட்டான். கழகச் செயலாளர் மட்டும் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: "ஒரு பந்தயம் பாப்போம் டாக்டர். சரிப்பட்டு வரலைன்னா, எடை குறைஞ்ச காலேஜ் பொண்ணு யாரையாவது உக்கார வெச்சுடலாம். தப்பா நினைச்சுக்காதீங்க."

தப்பாக நினைக்க அதில் என்ன இருக்கிறது? நியாயம்தான். ஆனால் அந்த இடமும் போனால் அடுத்த வருஷம் தான் கரையில் சட்னி வாளியோடு நிற்க வேண்டியதுதான் என்று தணிகாசலத்துக்குத் தெரியும். 

ஹபீப் வந்து இறங்கியதும் பயிற்சி ஆரம்பமாயிற்று. முதல் நாள் படகு பாம்பு போல நெளிந்து கரையோரப் புதரில் போய் முட்டியது. "பல்லு புடுங்கற இடத்துல பாத்துப் புடுங்குவியா இல்லையாடா?" என்று ஹபீப் இலையும் சேறுமாக எழுந்தான். இரண்டாம் நாள் நேராகப் போனது. அப்புறம் போகப் போக நன்றாகவே போனது. மாஸ்டர் கரையில் சைக்கிளில் கூடவே வருவார். அவர் வாயே திறக்க மாட்டார். கையைத் தூக்கினால் நிறுத்து என்று அர்த்தம்.

சனிக்கிழமை சாயங்காலம் படகைத் துடைத்துக் கொட்டகையில் ஏற்றிய பிறகு தணிகாசலம் மாஸ்டரிடம் வந்தான்.

"ஒரே ஒரு சந்தேகம் மாஸ்டர்."

"கேளு."

"நாளைக்கு நாம பின்தங்கிட்டோம்னு வெச்சுக்குங்க. நான் உண்மையைச் சொல்லணுமா, பொய் சொல்லணுமா?"

மாஸ்டர் சைக்கிளுக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"உண்மையைச் சொன்னா மனசு விட்டுடுவாங்க" என்றான் தணிகாசலம். "பொய் சொன்னா மெத்தனமா இழுப்பாங்க. ரெண்டும் தப்பாத்தானே முடியுது?"

"நீ எத்தனையோ வருஷம் என் எதிர்ல உக்காந்து இழுத்தியே. நான் என்ன சொன்னேன்?"

தணிகாசலம் யோசித்துப் பார்த்தான். "நீங்க சொன்னதை நம்பினேன். அவ்வளவுதான் ஞாபகம் இருக்கு."

"நான் சொன்னது உண்மையா, பொய்யா?"

"தெரியலையே மாஸ்டர்."

மாஸ்டர் கைப்பையைத் துழாவி ஒரு சுக்கு மிட்டாயை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார்.

"இது என்ன பதில்?"

"பதில் இல்லடா. தொண்டைக்கு. நாளைக்குக் கத்தணும் இல்ல?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை. ராத்திரி முழுக்க அந்தக் கேள்வியையே புரட்டிப் புரட்டிப் போட்டுக்கொண்டு படுத்திருந்தான்.

ஞாயிறு விடிந்தது. அடடா, என்ன கூட்டம்! கரையெல்லாம் தலை. மாணவர்கள் பக்கம் பறை, விசில், டப்பாங்குத்து. பழைய மாணவர்கள் பக்கம் மூட்டுவலித் தைல வாசனை. ஆற்று வாசனையைப் பற்றி நான் சொல்லப் போவதில்லை, சாப்பிடுகிற நேரத்தில் யாராவது படித்துக்கொண்டிருப்பீர்கள்.

இரண்டு படகுகளும் கோட்டில் வந்து நின்றன. மாணவர் படகில் நாலு பையன்களுக்கும் தோள் ஒவ்வொன்றும் தூண் மாதிரி. "அங்கிள், ஆம்புலன்ஸ் சொல்லியாச்சா?" என்று ஒருவன் கேட்டான். "உங்கப்பனைக் கேளுடா, அவனை நான் எத்தனை தடவை ஜெயிச்சிருக்கேன்னு!" என்று ஹபீப் திருப்பிக் கொடுத்தான்.

கொடி இறங்கியது.

"போடு!" என்று கத்தினான் தணிகாசலம்.

எடுத்த எடுப்பில் பழைய படகு நன்றாகத்தான் போனது. நாலு துடுப்பும் ஒன்றாக விழுந்து ஒன்றாக எழுந்தன. தணிகாசலத்தின் நெஞ்சு துள்ளியது. ஸ்டென்ட் வைத்த நெஞ்சு, அதுவும் சேர்ந்து துள்ளியது! இரண்டு படகும் சமமாகப் போயின. "அப்படித்தான் கண்ணுங்களா! அப்படித்தான்!"

பாதி தூரம் வரைக்கும்தான் அந்தச் சந்தோஷம். அப்புறம் வயசு வேலையைக் காட்டியது. மாணவர் படகு ஒரு முழம் முன்னேறியது. அரைப் படகு முன்னேறியது. அப்புறம் அவன் கண்ணெதிரே முழுப் படகாக விலகி, இடைவெளியும் விட்டு, போய்க்கொண்டே இருந்தது. பாலம் வந்தது. பாலத்துக்கு அப்பால் கொஞ்ச தூரத்தில் முடிவுக்கோடு.

தணிகாசலம் சுக்கான் கயிற்றை இறுக்கிப் பிடித்தான். போச்சு, எல்லாம் போச்சு. எதிரே ஹபீப்பின் முகம் சிவந்து, வாய் பிளந்து, கண் இவனையே பார்த்துக்கொண்டிருந்தது. அவனுக்குப் பின்னால் இன்னும் மூன்று முகங்கள் எட்டி எட்டிப் பார்த்தன. நாலு பேரும் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள்.

உண்மையா, பொய்யா?

"முன்னால இருக்கோம்!" என்று அலறினான் தணிகாசலம். "நாமதாண்டா முன்னால இருக்கோம்! விட்டுடாதீங்க!"

ஹபீப்பின் கண் ஒரு கணம் அகன்றது. பிறகு பல்லைக் கடித்தான்.

அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்ல? படகுக்குப் பேய் பிடித்துவிட்டது. துடுப்பு தண்ணீரில் விழுந்த சத்தம் பாலத்துக்கு அடியில் இடி மாதிரி எதிரொலித்தது. படகு ஒவ்வொரு இழுப்புக்கும் எகிறியது. தணிகாசலத்தின் தலை பின்னால் வெட்டி வெட்டி விழுந்தது. இவர்கள் இளைத்துப் போனதைப் பார்த்த மாணவர்கள் ஏற்கெனவே துடுப்பைத் தளர்த்தியிருந்தார்கள். ஒருவன் கரையைப் பார்த்துச் சிரித்துக்கூட ஆயிற்று.

"முன்னால இருக்கோம்!"

இடைவெளி மூடியது. இவர்கள் படகின் மூக்கு அவர்கள் படகின் வாலைத் தொட்டது. மூக்குப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் ஓரக்கண்ணால் பக்கத்தைப் பார்த்து, "தெரியறானுங்க! தெரியறானுங்க!" என்று கூவினார். மாணவர்கள் திடுக்கிட்டுத் துடுப்பை வேகமாகப் போட்டார்கள். அவசரத்தில் ஒன்றோடொன்று சேரவில்லை.

"இருக்கோம்டா! இருக்கோம்டா! இருக்கோம்!"

கோட்டில் விசில் ஊதியது. யார் ஜெயித்தது என்று யாருக்கும் தெரியவில்லை. கரையே மூச்சைப் பிடித்துக்கொண்டது. நடுவர் படகிலிருந்து கொடி உயர்ந்தது. பழைய மாணவர்களின் கொடி!

அப்பப்பா, அந்தக் கூச்சல்! தொந்தியும் வழுக்கையுமாக ஐம்பது வயதுக்காரர்கள் கரையில் குதித்த குதியைப் பார்த்திருக்க வேண்டும். செயலாளர் வடைத் தட்டோடு ஆடினார். வடை நாலு பக்கமும் பறந்தது.

ஜெயித்த படகின் காக்ஸைத் தூக்கித் தண்ணீரில் போடுவது துடுப்புக்காரர்கள் வழக்கம். "டேய், எனக்கு ஸ்டென்ட் வெச்சிருக்கு!" என்று தணிகாசலம் கத்திப் பார்த்தான். "டாக்டர் துடுப்பைத்தானே தொடக்கூடாதுன்னாரு? தண்ணியைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே!" என்று நாலு பேரும் கையைக் காலைப் பிடித்து, ஒன்று, இரண்டு, மூன்று, தொப்!

இடுப்பளவுத் தண்ணீர்தான். சேறு சொட்டச் சொட்ட எழுந்து நின்று சிரித்தான், அழுதான், மறுபடியும் சிரித்தான்.

"பாத்தியா ஹபீப்! எப்படி ஏமாத்தினேன் பாத்தியா! பாலத்துக்கிட்ட நாம அதலபாதாளத்துல இருந்தோம்டா. முன்னால இருக்கோம்னு சொன்னதை அப்படியே நம்பிட்டீங்க இல்ல?"

ஹபீப் அவனைப் பார்த்தான். மற்ற மூன்று பேரையும் பார்த்தான். நாலு பேரும் வெடித்துச் சிரித்தார்கள்.

"அட கூறு கெட்டவனே! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சுட்டு எங்களையா கேக்கறே? நாங்க எந்தப் பக்கம்டா பாத்து உக்காந்திருந்தோம்?"

தணிகாசலத்துக்கு விளங்கவில்லை.

"நாம முன்னால இருந்தா அவனுங்க பின்னால வரணும். பின்னால வந்தா எங்க கண்ணுக்குத் தெரியணும். எங்களுக்கு வெறும் தண்ணிதாண்டா தெரிஞ்சுது!"

தணிகாசலம் தலையில் அடித்துக்கொண்டான். இத்தனை வருஷம் முதுகைக் காட்டி உட்கார்ந்து இழுத்தவன் அவன். முன்னால் போகிறவனுக்குத்தான் எதிராளி தெரிவான், பின்தங்கியவனுக்குத் தண்ணீர்தான் தெரியும் என்பது துடுப்புப் பிடித்த முதல் வாரமே தெரிகிற விஷயம். இடம் மாறி உட்கார்ந்ததும் எல்லாம் மறந்து போயிருந்தது.

"அப்போ நான் சொன்னது பொய்னு..."

"நாலு பேருக்கும் தெரியும். பாலத்தைத் தாண்டறதுக்கு முன்னாடியே தெரியும்."

"தெரிஞ்சுமா அப்படி இழுத்தீங்க? ஏன்டா?"

ஹபீப் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான். "பசிக்குதுடா. வடை தீந்துடப் போகுது" என்று சொல்லிவிட்டு மற்றவர்களோடு கரையேறிப் போய்விட்டான்.

தணிகாசலம் மாஸ்டரைத் தேடிப் போனான். அவர் கூட்டத்தை விட்டுத் தள்ளி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கத்த முடியாத கஷ்டத்தில் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"மாஸ்டர், நேத்து கேட்டேனே."

"ம்."

"பொய்தான் சொன்னேன்."

"கரை வரைக்கும் கேட்டுது."

"பொய்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு மாஸ்டர். நாலு பேருக்குமே தெரிஞ்சிருக்கு. நம்பாத வார்த்தைக்கு எதுக்கு அப்படி உயிரைக் குடுத்து இழுத்தாங்க? ஹபீப் சொல்ல மாட்டேங்கறான்."

மாஸ்டர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்:

"நீ பொய்யனா கரை ஏறக் கூடாதேன்னுதான்."