வந்தால் மட்டும் சொல்

தரமணியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. அங்கே இசக்கியம்மாள் ஒப்பந்த ஊழியர், சேஷாத்ரிநாதன் மேனேஜர். மேனேஜர் எழுதிய புரோகிராம் ஏகப்பட்ட இணைப்புகளைப் பார்த்துக்கொண்டிருக்கும். எதிலாவது டேட்டா வந்தால், கம்ப்யூட்டரின் அடிவயிற்றில் கிடக்கும் கெர்னல் தட்டிச் சொல்லும். இணைப்பு அறுந்தாலும் சொல்லும். மேனேஜருக்கு அதுதான் பிடிக்கவில்லை.

"டேட்டா வந்தா மட்டும் சொல்லுன்னுதானே கேட்டிருக்கேன்? எரரை யார் கேட்டா? நாளைக்குள்ள நிறுத்து. இல்லேன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

"கெர்னல் அதை நாம கேக்காமலேதான் சொல்லும் சார்." இதை எத்தனையோ தடவை சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது.

மறுநாள் வெளிநாட்டு கிளையன்ட் வருவதாக இருந்தது. அன்று காலை மேனேஜர் பொன்னாடை, பூங்கொத்து, வடையோடு மீட்டிங் ரூமுக்குள் போனார்.

"அவங்க வந்தா மட்டும் சொல்லு. வேற எதுக்கும் கதவைத் தட்டாதே."

கொஞ்ச நேரத்தில் ஏர்போர்ட்டிலிருந்து டிரைவர் போன் செய்தார். விமானம் ரத்தாம். இசக்கி போனை வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள்.

வடை ஆறி, பூங்கொத்தும் வாடியபிறகு மேனேஜர் வெளியே வந்தார்.

"இன்னுமா வரலை?"

"வரமாட்டாங்க சார். காலையிலேயே ஃப்ளைட் கேன்சல்."

"ஏன் சொல்லலை?"

"வந்தா மட்டும் சொல்லச் சொன்னீங்க."

"இதையெல்லாம் கேக்காமலே சொல்லணும்மா."

"சரி சார். அப்ப கெர்னலை என்ன பண்ணட்டும்?"

"அது பாட்டுக்குச் சொல்லட்டும்," என்று முனகி, மேனேஜர் பொன்னாடையை அவள் மேஜைமேல் போட்டுவிட்டுப் போனார்.

ஏசி குளிர் தாங்கவில்லை. இசக்கி அதை எடுத்துப் போர்த்திக்கொண்டாள்.