கோவைக்காரர் கேட்ட டிரா

கரூரில் அந்த டயாலிசிஸ் வார்டு இப்போது பழைய இடத்தில் இல்லை. புதுக் கட்டிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆனாலும் அங்கே வேலை பார்த்த நர்சுகள் எங்காவது சந்தித்துக்கொண்டால், ஜன்னலோரக் கட்டிலும் அதன்மேல் விரித்திருந்த சதுரங்கப் பலகையும் எப்படியாவது பேச்சில் வந்துவிடும்.

அந்தக் கட்டில் சென்னியப்பனுடையது. பஸ்ஸுக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் பெயிண்டராக இருந்தவர். சிறுநீரகம் கெட்ட பிறகு பட்டறைக்குப் போவது நின்றது. வாரத்தில் மூன்று மத்தியானங்கள் இடது கையை மெஷினுக்குக் கொடுத்துவிட்டுப் படுத்திருப்பார்.

அவருடைய குரு அவரைவிட மிகவும் இளையவர். பெயர் ரஹ்மத்துன்னிசா. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுத்ததால் எல்லோருக்கும் நிசா டீச்சர்.

டீச்சர் அத்தா என்று கூப்பிடும் அப்பா, இஸ்மாயில் பாய்தான் அடுத்த கட்டில். அத்தாவுக்குப் பொழுது போகட்டும் என்று டீச்சர் பலகை கொண்டுவருவார். பாய் நாலு காய் நகர்த்திவிட்டுத் தூங்கிவிடுவார். ஒருநாள் ஜன்னலோரக் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"ஏனுங்க, அந்தக் குதிரை மட்டும் எதுக்குங்க கோணலாப் போவுது?"

"நேராப் போறதுக்குத்தான் மத்ததெல்லாம் இருக்குதுங்களேண்ணா."

சென்னியப்பன் சிரித்தார். அன்றே பலகை கட்டில் மாறியது.

அடுத்த வருஷம் நோன்புக்கு முன்னால் பாய் இறந்துபோனார். அந்தக் கட்டிலுக்கு வேறு ஆள் வந்தார். இனி டீச்சருக்கு இங்கே என்ன வேலை என்று சென்னியப்பன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். வழக்கமான நேரத்துக்குக் கதவு திறந்தது. கையில் அதே மடக்குப் பலகை.

"என்னங்க டீச்சர், நீங்க போயி..."

"அன்னிக்கு ஆடுனது பாதியில நிக்குதுங்கண்ணா."

டீச்சர் காய்களை அடுக்கினார். சென்னியப்பன் திரும்பிச் சாய்ந்து உட்கார்ந்தார்.

அப்படியே ஆடி ஆடி அவர் நன்றாகவே ஆடப் பழகிவிட்டார். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஆன்லைனில் ஒரு போட்டி அறிவித்தார்கள். டீச்சர் அவர் பெயரைக் கொடுத்தார். முதல் எட்டு இடம் பிடிப்பவர்கள் சேலத்தில் நேருக்கு நேர் உட்கார்ந்து ஆட வேண்டும்.

சேலம் என்றதும் சென்னியப்பனுக்கு ஆசை வந்துவிட்டது.

"அந்த ரூட்டுல ஓடுற வண்டிக்கெல்லாம் நான்தானுங்க பூப்போட்டது. பெயிண்டு காயறதுக்குள்ள ஓனருங்க வந்து நின்னுக்குவாங்க. ஒருக்காக்கூட ஏறி உக்காந்து போனதில்லைங்க டீச்சர். பட்டறையை விட்டா ஊடு, ஊட்டை விட்டா பட்டறை."

சுற்றுகள் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தன. வீட்டிலிருந்தே ஆடினார். கடைசிச் சுற்றின்போது பல மாவட்டங்களில் பெருமழை, மின்சாரம் இல்லை. ஆட்டத்தை ஒரு வாரம் கழித்துச் செவ்வாய் மத்தியானத்துக்குத் தள்ளிவைத்தார்கள். அது அவர் மெஷினில் இருக்கும் நேரம். அந்த ஆட்டத்தில் டிரா எடுத்தால் போதும், சேலம் உறுதி.

"வேண்டாமுன்னு சொல்லிப்போடலாமுங்க டீச்சர். ஒத்தைக் கையி. மெஷின் நெனச்சப்பவெல்லாம் கத்துது. காலு இழுத்துப் புடிக்குது. இதுக்குள்ள எப்படிங்க யோசிக்கறது?"

டீச்சர் கட்டில்மேல் பலகையை விரித்தார். இருவரும் ஒரு முழு ஆட்டம் ஆடினார்கள். சென்னியப்பன் தோற்றார்.

"இப்ப ஆடுனப்ப மெஷின் எத்தனை வாட்டி கத்துச்சுங்கண்ணா?"

அவர் யோசித்துப் பார்த்தார்.

"கத்துச்சுங்களா?"

டீச்சர் பலகையை மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

செவ்வாய்க்கிழமை வந்தது. நடுவரிடம் பேசி, வார்டிலிருந்தே ஆட டீச்சர் அனுமதி வாங்கியிருந்தார். சொல்லிக்கொடுத்தவர் பக்கத்தில் இருக்கக் கூடாது என்பதால் வராந்தாவுக்குப் போய்விட்டார். போன் கட்டில் மேஜையில் நின்றது. கேமரா ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது விதி.

சென்னியப்பனுக்கு அதுதான் உறுத்தியது. தன் சொந்தக்காரர்கள் முன்னால்கூட முழுக்கைச் சட்டை இல்லாமல் நிற்காதவர் அவர். வலது கையால் போர்வையை இழுத்து இடது கையை மூடினார்.

எலிசா சிஸ்டர் ஓடிவந்தார். "ஊசி போட்ட இடத்தை மூடாதீங்க சார். ரத்தம் கசிஞ்சா எனக்குத் தெரிய வேண்டாமா?"

போர்வையை விலக்கிவிட்டார். சிவந்த டியூப் இரண்டும் போன் திரையின் மூலையில் தெரிந்தன. சென்னியப்பன் பார்வையை அங்கிருந்து திருப்பினார். ஆனால் கண் திரும்பத் திரும்ப அங்கேயே போனது.

எதிராளி கோயம்புத்தூர்க்காரர். நல்ல ஆட்டக்காரர் என்று பேர் வாங்கியவர். சென்னியப்பனுக்குக் கறுப்புக் காய். நடு ஆட்டத்தில் ஒரு சிப்பாய் போனது. சிக்னல் ஒருமுறை அறுந்து மறுபடி வந்தது. அதற்குள் அவருடைய நேரத்தில் பாதி கரைந்திருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு ஆடினார். யானையை முன்னால் கொண்டுபோய், மூலையில் நின்ற வெள்ளை ராஜாவின் பக்கத்து நெடுவரிசையில் நிறுத்தினார். அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியவில்லை.

கோவைக்காரர் வெகுநேரம் காய் நகர்த்தவில்லை. கடைசியில் ஒரு சிப்பாயை நகர்த்தினார். கூடவே திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது. டிரா வைத்துக்கொள்ளலாமா?

சென்னியப்பன் அதையே பார்த்தார். ஒரு சிப்பாய் அதிகம் வைத்திருப்பவன், பேர் பெற்ற ஆட்டக்காரன், எதற்கு டிரா கேட்கிறான்? கண் திரையின் மூலைக்குப் போனது. டியூப்.

அவர் முகம் சுருங்கியது.

'வேண்டாம்' என்பதை அழுத்தினார்.

அடுத்த காயைக் கோபத்தோடு நகர்த்தினார். முன்னால் நிறுத்திய யானையை எடுத்து ஓரத்துச் சிப்பாயை வெட்டினார். கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. சிஸ்டர் வந்து பாதத்தை அழுத்தினார். வலி அடங்கித் திரையைப் பார்த்தபோது வெள்ளை ராணி அவர் வீட்டுக்குள் வந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் ஆட்டம் முடிந்தது.

டீச்சர் உள்ளே வந்தபோது சிஸ்டர் ஊசியைக் கழற்றிப் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். சென்னியப்பன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேலம் போச்சுங்க டீச்சர்."

"பாத்துட்டுத்தானுங்கண்ணா இருந்தேன். வெளியில போன்ல ஓடுச்சு."

"டிரா குடுத்தாருங்க. நான் வாங்கலை."

"ம்."

"எரக்கப்பட்டுக் குடுத்தா வாங்கிக்க முடியுங்களா? பட்டறையில ஒருத்தரு கூட என்னைப் பாவமுன்னு சொன்னதில்லைங்க. சாரத்து மேல நின்னுக்கிட்டு, கோடு போட ஆரம்பிச்சா ஒரே இழுப்பு. ஊரே நின்னு பாக்கும். இப்பப் பாருங்க. எங்கியோ கோயமுத்தூருல இருக்கறவரு கேமராவுல இந்த டியூப்பைப் பாத்துப்போட்டு, போனாப் போவுதுன்னு அரைப் பாயிண்டு போடறாரு."

டீச்சர் கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"அண்ணா, கேமரா நடுவருக்கு மட்டுந்தான் தெரியும். எதிர்ல ஆடுறவங்களுக்குத் தெரியாது."

சென்னியப்பன் திரும்பினார்.

"தெரியாதுங்களா?"

"அவருக்கு உங்க பேரு தெரியும். கரூருன்னு தெரியும். அவ்வளவுதான்."

சிஸ்டர் பஞ்சின்மேல் பிளாஸ்டரை ஒட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். சென்னியப்பன் தன் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்புறம் எதுக்குங்க டிரா கேட்டாரு? அவருக்குச் சிப்பாய் கூட இருந்துச்சுங்களே."

டீச்சர் போர்வையின் மேல் பலகையை விரித்தார். காய்களை ஒவ்வொன்றாக வைத்தார். கோவைக்காரர் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு டிரா கேட்டாரே, அந்த நிலை. வெள்ளை ராஜா மூலையில். கறுப்பு யானை அதற்குப் பக்கத்து நெடுவரிசையில் நின்றது. டீச்சர் கறுப்புக் குதிரையை எடுத்தார். ஒரு தாவல். வெள்ளை ராஜாவுக்குச் செக். யானை நின்ற வரிசையில் கால் வைக்க முடியாது. ராஜாவுக்கு முன்னால் அதன் சொந்தச் சிப்பாயே அடைத்துக்கொண்டு நின்றது.

சென்னியப்பன் குனிந்து பார்த்தார். விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுப் பார்த்தார். ராஜாவுக்குப் போக இடமில்லை.

"இதைத் தடுக்க அவருக்கு வழியே இல்லைங்களா?"

"இல்லைங்கண்ணா. அதனாலதான் அவ்வளவு நேரம் உக்காந்திருந்தாரு."

"நான் இதைப் பாக்கவே இல்லைங்களே டீச்சர்."

"நீங்க உங்க கையைப் பாத்துட்டு இருந்தீங்கண்ணா. அவரு உங்க யானையைப் பாத்துட்டு இருந்தாரு."